நான்கு துளைகள்

டிக்கியின் மூடி விழுந்தபோது பூங்கொடி உள்ளே சுருண்டு கிடந்து, துரு தின்ற சக்கர வளைவில் வளர்பசை ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டுக்கொடுத்த கழி நழுவிவிட்டது. மூடியைத் தோளால் நெம்பினாள். அசையவில்லை. ஓரத்தில் பிரிநாடா ஒட்ட மறந்தது அப்போதுதான் உறைத்தது.

வளர்பசை வந்த பிறகு கோவைப் பட்டறைகளில் யாரும் தகடு தட்டுவதில்லை. பூசினால் போதும், சுற்றியுள்ள இரும்பைத் தொட்டறிந்து, ஓட்டைகளை அதுவே வளர்ந்து அடைத்துவிடும். ஒரு காரில் கற்றதை எல்லா ஊர்களிலும் உள்ள மற்ற பசை டப்பாக்களுக்கும் அலைவழியே சொல்லிவிடும். நூறு வயதுக் கார்கள் நேற்றுச் செய்தவை போல ஓடின. ஆனால் திறக்க வேண்டிய இடைவெளியும் அதற்கு விரிசல்தான். அங்கே நாடா ஒட்டித் தடுக்க வேண்டும்.

கணவன் ரங்கராசு கட்டிங் மெஷினோடு ஓடிவந்தான். அவன் வெட்டிய கோடு, மெஷினின் வெட்டுச்சக்கரம் நகர்ந்த மறுகணமே ஆறிப்போனது. பூட்டருகே எஞ்சியிருந்த ஒரே சந்தின் வெளிச்சமும் ஒடுங்கியது.

"ஏனுங்க, நிறுத்துங்க. வெட்டுனா காயம்னு நெனச்சு இன்னும் வெரசா மூடுது."

காற்று கனத்தது. தொழிலாளர் கையில் ஒட்டிவிடாதிருக்க, உயிர்ச்சூடு பட்ட இடத்தில் வளராதபடிதான் பசையைச் செய்திருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும் வலது கையின் நான்கு விரல்களை அகல விரித்து அந்தச் சந்தில் நுழைத்தாள். தகடு ஒவ்வொரு விரலையும் சுற்றி வந்து, தோலுக்கு அரை நூல் தள்ளி நின்றது. அந்த வழியே காற்று வந்தது.

பசைக்கு ஆயுள் நான்கு மணி நேரம். அதுவரை கையை எடுக்க முடியாது. ரங்கராசு காற்றுக்குழாயை விரல்களருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் மணியில் தோள் மரத்தது. இரண்டாவதில் முழங்கால் இழுத்துக்கொண்டது, புரளவும் வழியில்லை. மூன்றாவதில் விரல்கள் தன்னுடையவையா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஒரு விரல மட்டும் எடுத்துக்கட்டுங்களா?"

"வேண்டாம் புள்ள. நான் புடிச்சிருக்கேன்."

நேரம் முடிந்து பசை செத்ததும் மூடியை அறுத்து அவளை வெளியே எடுத்தான். இனி இந்தப் பசையைத் தொடவே மாட்டேன் என்று அவள் அழுதாள்.

மறுநாள் கரூரிலிருந்து ஒரு பட்டறைக்காரர் அழைத்தார். நாடா ஒட்டியிருந்தும் டிக்கி மூடிக்கொண்டதாம். உள்ளே அவருடைய தம்பி. நேற்று அவள் தப்பியதைக் கேள்விப்பட்டு வழி கேட்டார். விரல்களை நீட்டச் சொல்லுங்கள் என்று பூங்கொடி பதறினாள்.

"வேண்டியதில்லீங்க, மூச்சு வருது. மூடியில நாலு ஓட்ட இருக்கு. நாங்க போடலீங்க, அதுவே விட்டிருக்கு."

அவள் தன் வலது கையின் நான்கு விரல்களைப் பார்த்தாள். நான்கு துளைகளோடு மூடிய டிக்கிதான் சரியான டிக்கி என்று பசைக்கு நேற்று கற்றுக்கொடுத்தது அவள்தான்.

மாலையில் பசை நிறுவனத்தின் அறிவிப்பு எல்லாப் பட்டறைகளுக்கும் வந்தது: 'பாதுகாப்பில் புதிய முன்னேற்றம். இனி உள்ளே சிக்குவோருக்கு மூச்சுத் தடைபடாது.'