சாலிகிராமத்துக் கேரவன் பனிமலை ஏறிய கதை

“பனியைப் பார்க்கிறதுக்கு சுவிட்சர்லாந்து எதுக்குங்க? இந்தியாவுல மலையே இல்லையா? நான் என் பொண்டாட்டியை என் சொந்த வண்டியில கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போறேன், பாருங்க!”

சகலை குணசீலனின் பேத்திக்குக் காது குத்திய விருந்தில், கையில் பாயசக் கப்போடு திருமேனி இப்படி முழங்கினார். சாலிகிராமத்தில் குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவர். பி.வி.சி. பைப்பைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசக்கூடாதவர், ஆனால் எல்லாவற்றையும் பற்றிப் பேசுபவர். சகலை அப்போதுதான் சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்திருந்தார். அது திருமேனிக்கு நெஞ்சில் முள்.

ஆனால் முழங்கியவர் தன் மனைவி மங்கையர்க்கரசியின் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் ஊட்டியில் வைத்து, “இங்க என்னத்த இருக்கு, உனக்கு நிஜப் பனி விழுறதைக் காட்டுறேன்” என்று அவர் சொன்னதோடு சரி. வருஷம் இருபத்து நாலு ஓடிவிட்டது. பனி வரவில்லை, ஃபிரிட்ஜ்தான் மூன்று முறை மாறியது.

அன்றிரவு வீட்டில் மங்கை சொன்னது தெருவுக்கே கேட்டது. “இந்த டிசம்பர்ல என் உள்ளங்கையில பனி விழணும். இல்லைன்னா இனிமே உங்க கூட கோடம்பாக்கம் பாலம் தாண்டிக்கூட வர மாட்டேன். எங்க அக்கா கூடவே ஊர் சுத்திக்கிறேன்.”

அவ்வளவுதான், திருமேனி வண்டி தேடக் கிளம்பிவிட்டார்!

போரூர் தாண்டி ஒரு கொட்டகை. சினிமாவில் ஓடி ஓய்ந்த கேரவன்கள் அங்கே வரிசையாக நிற்கும். நடிகர்கள் உள்ளே உட்கார்ந்து மேக்கப் போடுவார்களே, அதே டீசல் வண்டிகள்தான். படுக்கை, கழிப்பறை, சமையல் மேடை, சுவரெல்லாம் கண்ணாடி. பதினாலு வருஷம் ஓடிய ஒன்றைக் காட்டினார் தரகர்.

திருமேனி பரிசோதனையைத் தொடங்கினார். டயரை எட்டி உதைத்தார். ஹாரனை அடித்தார். ஆயில் குச்சியை உருவி வெயிலில் தூக்கிப் பிடித்து, நகைக்கடைக்காரர் மாதிரி கண்ணைச் சுருக்கினார். என்ன பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிறகு ஏசியைப் போடச் சொல்லி, இரண்டு மணி நேரம் அதன் அடியில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்.

“ஆஹா! சிம்லா மாதிரி இருக்கு. முடிச்சுடலாம்!”

பனிமலையில் குளிர்காலத்தில் தங்குவதற்கு வண்டி வாங்கப் போன மனிதர், பார்த்துப் பார்த்துச் சோதித்தது ஏசியை!

அந்த வண்டியைப் பதினோரு வருஷம் ஓட்டிய டிரைவர் எட்டியப்பனும் வண்டியோடு சேர்ந்தே வந்தான். அவன்தான் மெதுவாகக் கேட்டான். “சார், குளிருக்குப் போறோம்ங்கிறீங்க. இதுல ஹீட்டர் இல்லையே?”

“அட எட்டியப்பா, ரிமோட்டுல பதினாறு வச்சா ஜில்லுனு இருக்கும். முப்பது வச்சா?”

“முப்பதா…”

“சூடுதானேய்யா! இதுக்கு எதுக்குத் தனி ஹீட்டர்?”

எட்டியப்பன் வானத்தைப் பார்த்தான். பின்னாளில் டீக்கடையில் இதைச் சொல்லும்போதும் வானத்தைத்தான் பார்த்தான்.

டிசம்பர் முதல் வாரம் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கி, கேரவன் கிளம்பியது. அதற்கு முன் இன்னொரு சடங்கு. திருமேனி ஜென்மத்தில் வடபழனியில் இருக்கும் தன் நண்பர் பங்க்கைத் தவிர வேறெங்கும் டீசல் போடாதவர். மற்றவர்கள் எல்லாரும் கலப்படக்காரர்கள் என்பது அவர் கட்சி. வழியெல்லாம் வேறு வழியில்லாமல் போட்டுக்கொள்ளலாம், ஆனால் மலை ஏறுவதற்கு மட்டும் நம் ஊர்ச் சரக்குதான் என்று, ஜெனரேட்டருக்கென இருந்த பெரிய டேங்கில் வடபழனி டீசலை விளிம்புவரை நிரப்பிப் பூட்டுப் போட்டார். சாவி பூணூல் மாதிரி அவர் மார்பில் தொங்கியது.

ஆறு நாள் ஓடியது வண்டி. நாக்பூரில் ஒரு டயர் போனது. ஆக்ராவில் மேம்பாலத்தை இடிக்கப் பார்த்தது. ஹரியானா தாண்டியதும் மங்கையின் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளைக் கட்டியாக நின்றது. ஸ்பூனால் சுரண்டித் தலையில் தேய்த்துக்கொண்டாள். “பார்த்தியா, குளிர் வந்துடுச்சு!” என்று திருமேனி அதைத் தன் சாதனையாகச் சொல்லிக்கொண்டார்.

ஏழாம் நாள் இமாச்சலத்தில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடைசி கிராமம். அங்கே ஒரே ஒரு பங்க். அதை நடத்துபவள் டோல்மா. காதில் நீலக்கல் தோடு, கம்பளி அங்கி, சிரித்தால் கண் காணாமல் போகும்.

எட்டியப்பனுக்கு ஷூட்டிங்கில் பொறுக்கிய இந்தி தெரியும். டோல்மா சொன்னதைக் கேட்டு மொழிபெயர்த்தான். “சார், மேல போறதுன்னா இங்க டீசல் போட்டுக்கணுமாம். இது குளிர்கால டீசலாம். கீழ இருந்து கொண்டு வந்தது மேல வேலை செய்யாதாம்.”

திருமேனி விழுந்து விழுந்து சிரித்தார். “குளிர்கால டீசலா! அப்போ மழைக்கால டீசல், கோடைகால டீசல்லாம் உண்டா? நல்ல வியாபாரம்யா! மண்ணெண்ணெயைக் கலந்து விக்கிறதுக்கு ஒரு பேரு!”

அதோடு விட்டாரா? அந்தப் பங்க்கின் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, மார்பிலிருந்த சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, குழாய் போட்டு உறிஞ்சி, வடபழனி டீசலில் பாதியை மெயின் டேங்கில் இறக்கினார். டோல்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கோபப்படவில்லை. எட்டியப்பனிடம் ஏதோ கேட்டாள்.

“என்னய்யா கேக்குறா?”

“எத்தனை நாள் தங்கப் போறீங்கன்னு கேக்குறாங்க சார்.”

“ரெண்டு நாள்னு சொல்லு.”

டோல்மாவின் கண்கள் காணாமல் போயின.

ஏழு கிலோமீட்டர் மேலே, உறைந்த ஆற்றங்கரையில் ஒரு சமவெளி. அங்கே கேரவனை நிறுத்தினார்கள். பாறை இடுக்குகளில் பழைய பனி, உப்பு மூட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. “இதோ பனி! பார்த்துக்கோ!” என்று கையை விரித்தார் திருமேனி.

“இது விழுந்து முடிஞ்சது” என்றாள் மங்கை. “நான் விழறதைப் பார்க்கணும்.”

சாயங்காலம் குளிர் ஏறியது. ஏறியது என்றால் சாதாரணமாக அல்ல; கடித்தது! திருமேனி கம்பீரமாக ஜெனரேட்டரை ஓடவிட்டு, ரிமோட்டை எடுத்து முப்பதில் வைத்தார். ஏசி உள்ளே இருந்த குளிரையே சுற்றிச் சுற்றி அவர்கள் மேல் ஊதியது. “சூடாக நேரம் எடுக்கும்” என்றார். கால் மணி நேரத்தில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டே நின்றது. “வயசாச்சு அதுக்கு” என்றார். மூவரும் இருந்த துணிகளையெல்லாம் போட்டுக்கொண்டு, ஒரே படுக்கையில் மூட்டை மாதிரி கிடந்து விடியும்வரை நடுங்கினார்கள். மங்கையும் எட்டியப்பனும் நெஞ்சுக்குள் திருமேனியைத் திட்டிக்கொண்டார்கள். திருமேனி மட்டும் தரகரைத் திட்டினார்.

காலையில் எட்டியப்பன் சாவியைத் திருப்பினான். கர்… கர்… கர்… ஒன்றுமில்லை!

பத்தரை மணிக்குச் சாலைத் துறை ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டிக் கத்தினான். எட்டியப்பனின் முகம் வெளுத்தது.

“சார்! சாயங்காலம் நாலு மணி வாக்குல பனி கொட்டப் போகுதாம். கீழ பாலத்துக்கிட்ட கேட்டை மூடிடுவாங்களாம். மூடினா ஏப்ரல்லதான் திறப்பாங்களாம்! மூன்றரைக்குக் கடைசி ரவுண்டு வருவேன், வண்டி கிளம்பலைன்னா அப்படியே விட்டுட்டு ஜீப்புல ஏறிடணும்ங்கிறான்.”

“கீழ பனி விழுமா?” என்று கேட்டாள் மங்கை.

எட்டியப்பன் விசாரித்தான். “கேட்டுக்குக் கீழ மழைதானாம் அக்கா.”

மங்கை திரும்பினாள். திருமேனியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருபத்து நாலு வருஷமும் இருந்தது. ஜீப்பில் ஏறினால் வண்டியும் போச்சு, பனியும் போச்சு, அவரை நம்பி அவள் ஏறும் கடைசிப் பயணமும் இதுதான்!

எட்டியப்பன் டீசல் ஃபில்டரைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்துத் திகைத்தான். டீசல் இல்லை, வெண்ணெய் இருந்தது!

“கலப்படம்!” என்று கூவினார் திருமேனி. “ராத்திரி யாரோ வந்து…”

“ஏங்க, கொஞ்சம் வாயை மூடுறீங்களா?” மங்கை விரலால் அதைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். “நம்ம தேங்காய் எண்ணெய் சங்கதிதான் இது. நம்ம ஊர் வெயிலுக்குன்னு வந்த டீசல், குளிர்ல கட்டியாயிடுச்சு. அந்தம்மா நேத்து இதைத்தானே சொன்னாங்க? கேட்டீங்களா?”

திருமேனி ஃபில்டரை வாங்கி முகர்ந்து பார்த்தார். திரும்ப வைத்தார்.

“எட்டியப்பா, நான் இட்லிக் குண்டான்ல தண்ணி கொதிக்க வைக்கிறேன். ஃபில்டரை அதுல போட்டு உருக்கலாம். ஆனா நல்ல டீசல் வேணும்.” மங்கை கணவர் பக்கம் திரும்பினாள். “ஜீப் கீழதான் போகுது. ஏறுங்க.”

“நானா? எட்டியப்பன் போகட்டும், அவனுக்குத்தான் இந்தி…”

“நீங்க!”

ஜீப்பின் பின்னால் மண்வெட்டிகளுக்கு நடுவே, காலி கேனை மடியில் வைத்துக்கொண்டு, சாலிகிராமத்துக் குழாய் வியாபாரி மலை இறங்கிய காட்சியைப் பார்க்க யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை!

டோல்மா பங்க் வாசலில் நின்றாள். திருமேனிக்குத் தெரிந்த இந்தி மூன்றே வார்த்தை. மூன்றும் இந்தச் சமயத்துக்கு ஆகாதவை. கேனைத் தூக்கிக் காட்டினார். கையால் ஏதோ கட்டியாவது மாதிரி அபிநயம் பிடித்தார். டோல்மா தலையைச் சாய்த்து, புரியாதவள் போல் நின்றாள். இன்னொரு முறை பிடிக்கச் சைகை காட்டினாள். பிடித்தார். பங்க்கில் நின்ற இரண்டு லாரிக்காரர்களையும் அழைத்துக் காட்டச் சொன்னாள். அவர்களுக்கும் பிடித்தார். கடைசியில் அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

“தப்புதாம்மா” என்றார் சுத்தத் தமிழில்.

அது மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. சிரித்துக்கொண்டே கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கேன்களை இழுத்தாள். நிரம்பியிருந்தன! காலையிலேயே நிரப்பி எடுத்து வைத்துவிட்டாள், மகராசி. அவற்றைத் தன் பிக்கப் வண்டியில் போட்டு, அவரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையேறினாள்.

மேலே இட்லிக் குண்டானில் ஃபில்டர் வெந்து சுத்தமாகியிருந்தது. டேங்க் முழுக்க வெண்ணெய். அதை நம்பிப் பிரயோஜனமில்லை. டோல்மா ஒரு யோசனை சொன்னாள். கேனை டிரைவர் பக்கத்திலேயே வைத்து, அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் இழுத்துவிடுவது. ஆனால் மலைப் பாதையில் கேன் சாயக் கூடாது, குழாய் நுனி டீசலுக்கு மேலே வரக் கூடாது. வந்தால் காற்று ஏறி இன்ஜின் செத்துவிடும். ஒருவர் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே வரவேண்டும்.

“நான் உக்காருறேன்” என்றார் திருமேனி. யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்!

மூன்று மணி பத்து நிமிஷம். எட்டியப்பன் கை பம்ப்பை அடித்து அடித்துக் காற்றை வெளியேற்றினான். டோல்மா தன் பிக்கப் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தாள். கர்… கர்… கர்… புஸ்!

“இன்னொரு தடவை!” என்று மங்கை கத்தினாள்.

கர்… கர்… தடதடவென்று கேரவன் முழுக்க அதிர்ந்தது! கரும்புகை கக்கியது! கிளம்பிவிட்டது!

வளைவுக்கு மேல் வளைவு. டோல்மாவின் பிக்கப் முன்னால், கேரவன் பின்னால். திருமேனி சீட்டுக்குக் கீழே சம்மணம் போட்டு, கேனைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, குழாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். டீசல் தெறித்து முகமெல்லாம் நாறியது. “மெதுவா திருப்புய்யா! சாயுது, சாயுது!” என்ற குரல் மட்டும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது.

கேட்டுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது எட்டியப்பன் சொன்னான். “அக்கா… அங்க பாருங்க.”

கண்ணாடியில் ஒன்று வந்து ஒட்டியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மலையே காணாமல் போய்விட்டது.

“நிறுத்துப்பா!”

“இன்ஜினை அணைக்க முடியாது அக்கா. ரெண்டே நிமிஷம்!”

மங்கை குதித்து இறங்கினாள். கையை நீட்டினாள். விழுந்தது, ஒன்று, இரண்டு, நூறு! தலையில், புருவத்தில், கம்பளிக்கு மேல் கட்டியிருந்த புடவையில். நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி நடுச்சாலையில் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “விழுதா? ஏய் மங்கை, எப்படி இருக்கு?”

அவர் கண்ணுக்கு எட்டியது எட்டியப்பனின் செருப்பும் குழாய் நுனியும்தான். எழுந்தால் குழாய் வெளியே வந்துவிடும். எழவில்லை.

மங்கை ஒரு பிடி பனியை அள்ளி மூடிக்கொண்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்து கையை விரிப்பதற்குள் அது தண்ணீராகிவிட்டது. அந்த ஈரக் கையை அவர் கன்னத்தில் வைத்துத் துடைத்தாள். “இதுதாங்க” என்றாள்.

கேட் மூட ஆறு நிமிஷம் இருக்கும்போது கேரவன் தாண்டியது!

பதினைந்து நாள் கழித்து அவர்கள் வந்து இறங்கியபோது தெருவே கூடியது. சும்மா கூடுமா? திருமேனி வண்டிப் படியில் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். டீசலில் எத்தனை வகை, எந்த உயரத்தில் எது உறையும், எல்லாம் ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி! இருந்தாலும் கடைசியில் ஒன்று சொன்னார். “எந்த ஊருக்குப் போறோமோ, அந்த ஊர்க்காரங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டுடணும்.” அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததே பெரிய புதையல்தான்.

சகலை குணசீலன் மனைவியோடு வந்திருந்தார். விட்டுவிடுவாரா? “பனி எப்படிங்க விழுந்துச்சு? பஞ்சு மாதிரியா, தூள் மாதிரியா?” என்று சிரித்துக்கொண்டே கொக்கி போட்டார்.

பிரசங்கம் நின்றது. திருமேனி விழித்தார்.

மங்கைதான் பதில் சொன்னாள். “அவருக்கு எப்படி மாமா தெரியும்? நான் பார்க்கணும்னு அவரு தரையில உக்காந்து டீசல் கேனைப் பிடிச்சுட்டிருந்தாரு.”

மங்கையின் அக்கா மெதுவாகத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். சுவிட்சர்லாந்தில் எடுத்த நானூறு படத்திலும் நின்றது குணசீலன் மட்டும்தான். எல்லாவற்றையும் எடுத்தது அவள்.