உள்ளே எத்தனை பேர்

அறைக்குள் பூங்கோதை ஒருத்திதான் இருந்தாள். வாசலுக்கு வெளியே ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்த கருவியோ இரண்டு என்று காட்டியது.

சிவப்பு எழுத்தில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், இரண்டு. அவள் தலையைத் திருப்பி அறையைப் பார்த்தாள். கட்டில், புத்தகங்கள், ஜன்னலை அடைத்துக்கொண்டு உறுமும் கூலர், அதன் ஈர வெட்டிவேர் வாசனை. வெளியே கிட்வாய் நகர் முழுவதும் மே மாத அனல் காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. ஹாலில் அம்மா வள்ளியம்மை தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அப்பா ஆபீசில். மூன்றே பேர் உள்ள வீடு.

கடைசி வருஷ பிராஜெக்ட் அது. ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். கதவு நிலையில் இடுப்பு உயரத்துக்கு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றைகள். இந்தப் பக்கம் டார்ச் பல்பு, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் பொட்டு. வெளிக்கற்றை முதலில் மறைந்து, பிறகு உள்கற்றை மறைந்தால் ஆள் உள்ளே போகிறான், ஒன்றைக் கூட்டு. வரிசை மாறி மறைந்தால் வெளியே வருகிறான், ஒன்றைக் கழி. எந்தக் கற்றை மறைகிறதோ அதற்குரிய பச்சை விளக்கு ஸ்டூலின் மேல் மினுக்கும். சங்கதி அவ்வளவுதான்.

நாளைக் காலை பேராசிரியர் வேதாந்தம் முன்னால் இது ஓடியாக வேண்டும். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு ஒரே ஒரு பெயரைச் சிபாரிசு செய்யப்போகிறார் அவர். பெயர் ஒன்று, பிராஜெக்டில் ஆள் இரண்டு. கூட்டாளி சிவஞானம் போன வாரம் கருவியின் போர்டை ஜனக்புரியிலுள்ள தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்து கொடுத்தான். அங்கே என்ன செய்தானோ? அவள் செய்த பகுதியில் கை வைத்து, நாளைக்கு அவள் முகத்தில் கரி பூசப் பார்க்கிறானோ?

கொஞ்ச நேரத்தில் சிவஞானமே வந்து சேர்ந்தான், முகமெல்லாம் புழுதியோடு.

"ஏஷியாட் கேம்ஸ், ஏஷியாட் கேம்ஸ்னு ரோடு பூராத் தோண்டிப் போட்டிருக்கான்ப்பா. பஸ் ஊரைச் சுத்தி வருது" என்றபடி உள்ளே நுழைந்தான்.

மூன்று என்றது கருவி.

"பாத்தியா?" என்றாள் அவள். "நாம ரெண்டு பேர். ஒண்ணு ஜாஸ்தி காட்டுது. காலையிலேருந்து இதே கூத்து."

இருவரும் வெளியே வந்தார்கள். இரண்டு. ஒன்று. காலி அறைக்கு ஒன்று. சிவஞானம் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினான். மறுபடி உள்ளே போனார்கள். ஒன்று, இரண்டு. சரியாகத்தான் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டூலில் பச்சை விளக்கு மினுக்கியது. பக்கத்து விளக்கும் மினுக்கியது.

மூன்று.

வாசலில் யாரும் இல்லை. திரைச்சீலையைக் கூடச் சுருட்டி மேலே கட்டியிருந்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்றாள் பூங்கோதை.

"நானா? அரே, நான் என்ன பண்ணேன்?"

"உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்ததுக்கு அப்புறம்தான் இது பைத்தியம் பிடிச்சு ஆடுது. அந்த ஒரு பேரு உன் பேரா இருக்கணும். அதானே?"

அவன் சிரித்துப் பார்த்தான். "எங்கயோ ஐ.சி.யோட ஒரு கால சும்மா விட்டிருக்கும், கூலர் மோட்டார் சத்தத்தை வாங்கி எண்ணுது. அதுக்குப் போய் இப்படி மூஞ்சிய வச்சுக்கறியே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?" அவள் முகம் இளகவில்லை. அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "உன் பகுதியில நான் கை வைக்கல கோதை. நம்பினா நம்பு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

அவன் போனதும் கருவி ஒன்றைக் கழித்தது. இரண்டு.

அவள் வெளியே வந்து, கருவியின் மின்சாரத்தை நிறுத்தி, போர்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். பற்றவைத்த சால்டர் புகையின் வாசனை இன்னும் அதில் ஒட்டியிருந்தது. எண்ணும் ஐ.சி.யில் தேவைப்படாத ஒரு கால், எதனோடும் சேராமல் அந்தரத்தில் நின்றது. சும்மா விட்ட காலை அந்த ஐ.சி. 'ஒன்று' என்றே எடுத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் கிளாஸில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம்தான். அந்தக் காலோ சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். சிவஞானத்தின் வேலை இல்லை இது. அவளுடைய வேலை, அவளுடைய சால்டர். பாவம், அவனைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

அந்தக் காலை ஒரு ரெசிஸ்டர் வழியாக ஐந்து வோல்ட்டில் கட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று கூலரையும் நிறுத்தினாள். உறுமல் அடங்கியதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. கூலரின் அடியில் தண்ணீர் சொட்டும் சத்தம், அம்மாவின் மெல்லிய குறட்டை, எங்கோ தகரக் கூரை வெயிலில் சடசடப்பது எல்லாம் ஒவ்வொன்றாகக் காதுக்கு வந்தன. போனாள், வந்தாள், போனாள், வந்தாள். எத்தனை முறை நடந்தாலும் கணக்குத் தப்பவில்லை.

அம்மா புரண்டு படுத்தாள். "ஏட்டி, வெயில்ல என்னத்துக்கு இப்படி அங்கயும் இங்கயும் அலையுத? செத்த நேரம் படுக்கப்பிடாதா?"

"முடிஞ்சுதும்மா. சரியாயிடுச்சு."

பூஜ்யமாக்கிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்று. நாளைக்கு எப்படி ஆரம்பிப்பது, வேதாந்தம் சார் குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

வெளிக்கற்றையின் பச்சை விளக்கு எரிந்தது.

அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. நிலைப்படியில் ஆள் தயங்கி நின்றால் எப்படி எரியுமோ அப்படி. பிறகு உள்விளக்கும் எரிந்தது. முதல் விளக்கு அணைந்தது. அடுத்ததும் அணைந்தது.

இரண்டு.

பல்லியாக இருக்கும் என்று எழுந்து போய் நிலையைத் தடவிப் பார்த்தாள். பல்லி இல்லை. பூனை என்றால் இடுப்பு உயரத்துக்கு எட்டாது. கரண்ட் குறைந்தது என்றால் இரண்டு பல்பும் ஒன்றாகத்தான் மங்கும், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து மங்காது. இரைச்சலுக்கு வரிசை தெரியாது. உள்ளே வருகிறவர்களுக்குத்தான் வரிசை உண்டு.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சென்றது. உட்கார்ந்தால் வரும் சத்தம்.

பூங்கோதை திரும்பவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கியது. படிக்க வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கடவுளே, என் சர்க்யூட் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பெங்களூரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஃபெயில் ஆகிவிட்டுப் போகிறேன். தப்பாக மட்டும் இருக்கட்டும்.

வெளியே போனாள். ஓடவில்லை. ஓடினால் பின்னால் இருப்பதற்குத் தெரிந்துவிடும் என்று பட்டது. உள்விளக்கு. வெளிவிளக்கு. ஒன்று.

ஸ்டூலின் பக்கத்தில் நின்று அறையைப் பார்த்தாள். கட்டில் காலி. நாற்காலி காலி. விரிப்பில் அவள் உட்கார்ந்திருந்த கசங்கல் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கசங்கல். சின்னது.

கருவியின் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. அணைத்துவிட்டால்? அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

உள்விளக்கு எரிந்தது.

வேண்டாம்.

வெளிவிளக்கு எரிந்தது. உள்விளக்கு அணைந்தது. ஈர வெட்டிவேர் வாசனை அவள் இடுப்போடு உரசிக்கொண்டு கடந்தது. கடைசி விளக்கும் அணைந்தது.

பூஜ்யம்.

அறை காலி. கணக்குச் சரி. அவளுடைய சர்க்யூட்டில் ஒரு பிழையும் இல்லை.

அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் பாயில் வள்ளியம்மை, கண்ணைத் திறக்காமலேயே, தலையணையை நகர்த்தி ஒதுங்கி இடம் விட்டாள்.

"வந்துட்டியா? இப்படிப் படு" என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

அம்மாவின் கை உயர்ந்து, பக்கத்துக் காலி இடத்தின் மேல் விழுந்தது. தரையைத் தொடவில்லை. தரைக்கு ஒரு சாண் உயரத்திலேயே நின்று, மெல்ல, மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.