உமருக்கு முன் ஒரு வெற்றிடம்

அறையில் இருந்தவர்கள்:
ஷெய்கான், எழுபத்தொரு வயது, ஏமன் நாட்டுத் தரீம் ஊரில் குடும்பத்தின் வம்சப் புத்தகத்தைக் காப்பவர்.
அக்கீல், அவர் தம்பி மகன், புத்தகங்களுக்கு ஒட்டுப் போடுகிறவன். மனைவி, பிள்ளை இல்லை.
முக்சின், துணிக்கடையை விற்றுவிட்டு மூன்று நாள் முன் ஜாவாவிலிருந்து வந்தவன்.
கடைசியாக வந்தவர் சார்ஜென்ட் ஃபரஜ். மாலை மணி 4.10.

அன்று முக்சினின் பேரையும் அவன் மகன் பேரையும் புத்தகத்தில் ஏற்றுவதாக இருந்தது. பேனாவை மையில் தோய்த்த பிறகுதான் ஷெய்கான் 'அவர் மகன் உமர்' என்ற வரியைக் கூர்ந்து பார்த்தார். உடனே போலீஸுக்கு ஆள் அனுப்பினார்.

"வரி இருக்குன்னு அக்கீல் சொன்னான். எனக்குத்தான் மறந்துபோச்சுன்னு நெனச்சேன். இது எங்கப்பா கையெழுத்து இல்ல. இந்த இடம் வெறுமையா இருந்துச்சு," என்றார் ஃபரஜிடம்.

"யாரைச் சந்தேகப்படுறீங்க?"

"இவனைத்தான். மூணு நாளா இங்கயே கெடக்கான். ஜாவாவுக்குக் கப்பல் ஏறினவன் பேரைச் சொல்லிக்கிட்டு வாரம் ஒருத்தன் வர்றான்."

 முக்சினின் காதுமடல் சிவந்தது.

ஃபரஜ் குனிந்தார். பக்கத்தின் குறுக்கே பூச்சி துளைத்த ஓட்டைகள். 'அப்துல்லா, ஜாவா போனார்' என்ற வரியில் இரண்டு எழுத்தைக் காணோம். அதன் கீழே 'அவர் மகன் உமர்'. அதில் எல்லா எழுத்தும் இருந்தது.

"உமர் யாரு?"

"எங்க தாத்தா," என்றான் முக்சின்.

"அப்துல்லாவோட மகன்னு எப்பத் தெரியும்?"

"நாலு வருஷம் முன்னாடி. அக்கீல் அண்ணன் போட்டோ அனுப்பினாரு."

ஃபரஜ் முக்சினின் போனை வாங்கினார். போட்டோ வந்த தேதி செப்டம்பர் ஒன்பது. இதே பக்கம், இதே வரி. ஏழாம் தேதி முக்சின் எழுதியிருந்தான்: 'ஒரு வருஷமாத் தேடியாச்சு அண்ணே. ஒண்ணும் கிடைக்கல. இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.'

"பெரியவரே, அந்த செப்டம்பர்ல இந்தக் கதவுச் சாவி யார்கிட்ட?"

"நான் முக்கல்லா ஆஸ்பத்திரில, கண் ஆபரேஷன்..." ஷெய்கான் நிறுத்திக்கொண்டு தம்பி மகனைப் பார்த்தார்.

மணி 4.35.

"திருடன்னா எடுத்துட்டுப் போவான்," என்றார் ஃபரஜ். "இங்க ஒருத்தன் குடுத்துட்டுப் போயிருக்கான். பழைய எழுத்தைப் பூச்சி தின்னிருக்கு. புது எழுத்து ஓட்டைகிட்ட வந்ததும் ஒதுங்கிப் போகுது. பூச்சி தின்னு முடிச்ச பிறகு எழுதினது. போட்டோ எடுத்த நாள்ல முக்சின் கடல் தாண்டி இருக்கான், பெரியவர் ஆஸ்பத்திரில இருக்காரு. ஏழாம் தேதி இவன் போறேன்னான். ஒன்பதாம் தேதி வரி முளைச்சிருச்சு. ஏன், அக்கீல்?"

அக்கீல் கைகளைத் துடைத்துக்கொண்டான். கைகளில் எதுவும் இல்லை.

"தினம் காலைல இவன் போன்ல 'அண்ணே, சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பான். என்னை வேற யாரு கேட்டா?"

ஃபரஜ் போனைத் திருப்பிக் கொடுத்தார். "முக்சின், உங்க மேல தப்பு இல்ல. போலாம்."

முக்சின் நகரவில்லை. "அப்போ எங்க தாத்தா யாரோட மகன்?"

"புத்தகத்துல இல்ல," என்றார் ஃபரஜ்.

தப்பு இல்லை என்று காட்டிய அதே ஓட்டைதான் அவனை அந்தக் குடும்பத்திலிருந்து அறுத்தது. ஃபரஜுக்கு அது தெரியும்.

"அப்துல்லா மகனா இருக்கலாம் தம்பி," என்றான் அக்கீல். "இல்லைன்னும் புத்தகம் சொல்லலையே."

"என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க."

முக்சின் மகனின் பிறப்புச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஷெய்கான் வாசல்வரை போய்க் கதவை உள்பக்கமாகச் சாத்தினார். பல் வைத்த மரச் சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் தூக்கித் தாழைத் தள்ளினார். தாழ் விழுந்தது.