மேஜைமேல் வைத்த பிளக்

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரம்ப மேஜைக்கு அடியிலிருந்து சின்னவன் எழுந்தபோது, மேஜைமேல் இரண்டு பிளக்குகள் கிடந்தன. அவன் பிடுங்கி வைத்தது ஒன்றுதான்.

அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பட்டறையில் அது சட்டம். பிளேடுக்குப் பக்கத்தில் ஒருவன் கை போக வேண்டுமென்றால், மற்றவன் ரம்பத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து அவன் கண்ணெதிரே மேஜையில் வைக்க வேண்டும். பெரியவன் போட்ட சட்டம். பெரியவன், சின்னவன் என்றுதான் தெருவில் அண்ணன் தம்பி இருவரையும் சொல்வார்கள். பெரியவன் போய் எட்டு மாதமாகியும் இவன் சின்னவனாகவே இருந்தான். இப்போது பிடுங்குகிறவனும் இவன், கை விடுகிறவனும் இவன்.

இரண்டாவது பிளக்கின் கழுத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அதன் ஒயர் மேஜை விளிம்பில் வழிந்து இறங்கி, தரையில் குவிந்த மரத்தூளுக்குள் போய் மறைந்தது. இழைப்பு மிஷினின் பிளக் அது. அந்த மிஷினை விற்று ஏழு மாதம் ஆகிறது.

வேறொரு நாளாக இருந்தால் அலறியிருப்பான். அன்று அலறக்கூடத் தெம்பில்லை. பன்னிரண்டு அலமாரிக் கதவுகளை ஒற்றை ஆளாக முடித்துத் தர ஒப்புக்கொண்டு, மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. கதவுகளின் ஓரத்தை வளைவாகச் செதுக்க ரவுட்டர் வேண்டும். அதற்குத் தனி மேஜை போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது. ரம்ப மேஜையின் வலப்பக்க இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, அங்கே கனமான பலகை பூட்டி, பலகையில் ஓட்டை போட்டு ரவுட்டரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதென்பது பெரியவனின் யோசனை. பலகையையும் அவனே அறுத்து வைத்திருந்தான். எட்டு மாதமாக அது சுவரோரம் சாய்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

சின்னவன் மஞ்சள் டேப் பிளக்கை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினான். கை லேசாகச் சுட்டது. இப்போதுதான் சுவரிலிருந்து பிடுங்கிய பிளக்கின் சூடு.

நான்கு நட்டுகளில் மூன்றை முடுக்கியாயிற்று. மீதி ஒன்று பிளேடின் அடிவயிற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. மல்லாந்து படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டால்தான் எட்டும். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கே பட்டறைக்குள் பாதி இருட்டு. ஈரப் பலகையின் புளித்த வாசனை, கிரீஸ் வாசனை, அவற்றுக்கு அடியில் பிளேடு சூடேறினால் மட்டுமே வரும் கருகல் வாசனை. ரம்பம் காலையிலிருந்து ஓடவே இல்லை.

படுத்தான். கையை உள்ளே விட்டான். சில்லென்ற பல் ஒன்று முழங்கையை உரசியது.

அன்றைக்குப் பெரியவன் இதே இடத்தில் படுத்திருந்தான். இதே நட்டைத்தான் அளவு பார்த்துக்கொண்டிருந்தான். "பிளக்கைப் புடுங்கிட்டியாடா?" என்று கேட்டான். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சின்னவன், சுவரில் கைக்கு வந்ததைப் பிடுங்கி மேஜையில் போட்டு, "புடுங்கிட்டேன்" என்றான். இரண்டும் கறுப்புப் பிளக். ஒன்று ரம்பத்தினுடையது, மற்றது இழைப்பு மிஷினுடையது. பேசிக்கொண்டே மேஜையில் சாய்ந்தபோது அவன் முட்டி மேஜைக் காலில் இருந்த ரம்பத்தின் சுவிட்சில் பட்டது. அன்று கை போயிற்று, மூன்றாம் நாள் ஆளும் போய்விட்டான். கேட்டவர்களிடமெல்லாம் சின்னவன் ஒரே வரியைத்தான் சொன்னான்: நான் அங்கே இல்லை, அண்ணன் பிடுங்க மறந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, இழைப்பு மிஷினின் பிளக்கில் அவனேதான் மஞ்சள் டேப்பைச் சுற்றினான். இனி யாருக்கு உதவும் என்று அவனுக்கே தெரியவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பெரியவனின் மனைவி.

"தம்பி, டீ வெச்சிருக்கேன். ஆறிடும்."

"வரேன் அண்ணி. இது ஒண்ணுதான் பாக்கி."

அடியிலிருந்து பார்த்தவனுக்கு அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. நீலச் செருப்பு. டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அவருக்கு எல்லாத்துலயும் ஞாபகம் ஜாஸ்தி. அது ஒண்ணை மட்டும் எப்படித்தான் மறந்தாரோ" என்றாள். தினமும் ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவாள். தினமும் அவன் கையிலிருக்கும் வேலையில் குனிந்துகொள்வான். இன்றும் நட்டைத் திருகினான்.

துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். பிளேடு நிற்கும் பிளவு வழியாக அவள் விரல்கள் தெரிந்தன. பல்லுக்குப் பல் தூசு தட்டிக்கொண்டு வந்தன.

அப்போதுதான் கால்களைப் பார்த்தான்.

நீலச் செருப்புக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. மரத்தூள் படிந்து வெளுத்தது. இடது நுனியில் கோந்துக் கறை. அந்தக் கறையை அவனுக்குத் தெரியும்.

கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். ரம்பத்தின் ஒயர் தரையைக் கடந்து, சுவரேறி, சுவிட்ச்போர்டில் முடிந்தது. பிளக் செருகியிருந்தது.

"அண்ணி, கையை எடுங்க."

"ஏன் தம்பி? பிளக்குதான் இங்க கெடக்கே. மஞ்ச டேப் சுத்தி." அவன் இழுப்பறைக்குள் போட்டு மூடிய பிளக்.

வலது ஷூவின் குதிகால் மெல்ல உயர்ந்தது. முட்டி மடங்கியது. சுவிட்சுக்கு நாலு விரற்கடை. மூன்று.

விரல்கள் இன்னும் பிளேடின்மேல்.

"அது ரம்பத்தோட பிளக் இல்ல!" அவன் குரல் உடைந்தது. "அன்னிக்கும் இல்ல அண்ணி. அண்ணன் மறக்கல. நான்தான் மாத்திப் புடுங்கினேன். நான்தான் பொய் சொன்னேன்."

விரல்கள் நின்றன. மேலே போயின. நீலச் செருப்பு ஓரடி பின்னால் நகர்ந்தது. இன்னோரடி. எட்டு மாதத்துப் பாரம் இறங்கி, அவனுக்கு அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

கையை வெளியே இழுத்தான்.

வரவில்லை.

மணிக்கட்டை எதுவோ பிடித்திருந்தது. ஐந்து விரல். கட்டை விரலில் காய்ப்பு. அவன் கண் அந்தப் பிடியைத் தொடர்ந்து மேலே போனது. மணிக்கட்டோடு முடிந்தது அது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. கோபமில்லாத குரல். வேலை அலுப்பில் தினமும் கேட்ட அதே குரல்.

"பிளக்கைப் புடுங்கிட்டியாடா?"

"தம்பி..." அண்ணியின் குரல் கதவோரத்திலிருந்து நடுங்கியது. "யாரு தம்பி கேக்கறது?"

முட்டி வந்து சுவிட்சைத் தொட்டது. அழுத்தவில்லை. பதிலுக்காக, அப்படியே தொட்டுக்கொண்டு நின்றது.