தேயாத மவுஸ்

ஈவாஞ்சலின் மூன்றாவது தடவையும் வலது ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்தாள். வருகைப் பதிவு மெஷின் மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"என்னக்கா, சாயங்காலம் உப்பளத்துக்கு வேலைக்குப் போறீயளா?" என்று பின்னால் நின்ற தனராஜ் கேலி செய்தான்.

உப்பு வாரி வாரி ரேகை அழிந்தவர்கள் ரேஷன் கடை மெஷின் முன்னால் நின்று திண்டாடுவதை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? ஆனால் ஈவாஞ்சலின் எந்த உப்பை வாரினாள்? தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏசி அறையில் உட்கார்ந்து, ஏற்றுமதிச் சரக்குக்குப் பில் போடுகிறவள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. விரல் நுனியில் ஒரு கோடுகூட இல்லை. பீங்கான் கோப்பையின் விளிம்பு போல வழவழவென்று இருந்தது.

அவள் மேஜைக்கு வந்தாள். மவுஸ் பளபளவென்று காத்திருந்தது.

ஏசி அறைக்குள்ளும் உப்புக்காற்றும் நிலக்கரித் தூசியும் புகுந்துவிடும் அந்த ஆபீசில் ஒரு மவுஸ் ஆறு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். இடது பட்டன் தேய்ந்து மினுங்கும், சக்கரத்து ரப்பர் பிசுபிசுத்து உரியும், அடிப்பாதங்கள் தேய்ந்து நொண்டியடிக்கும். இவளுடையது மட்டும் இரண்டு வருஷமாக டப்பாவிலிருந்து இன்றுதான் எடுத்தது போல இருந்தது. முதுகு முழுக்கச் சிப்பி ஓட்டை இழைத்துப் பதித்த டிசைனர் மவுஸ். துறைமுகத்தில் சொந்தக்காரன் வந்து எடுக்காத சரக்கை ஏலம் விட்டபோது அவள் கணவன் டேவிட்சன் ஆசையாக வாங்கி வந்தது. அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. மற்றவர்கள் மவுசில் விழும் தேய்மானம் எல்லாம் இங்கே வேறு எங்கேயோ போயிருந்தது. அவள் தன் உள்ளங்கையைப் பார்க்கப் பயந்தாள்.

அவர்கள் நாசரேத் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம். வண்டியோ, ஃப்ரிட்ஜோ, எது புதிதாக வந்தாலும் கைவைத்து ஜெபிக்காமல் உபயோகிக்க மாட்டார்கள். மவுஸ் வந்த அன்றும் அப்படித்தான் செய்தார்கள். மவுசின் மேல் அவள் கை. அதன்மேல் டேவிட்சன் கை. எல்லாவற்றுக்கும் மேலே மகள் ஜெஸ்லினின் குட்டிக் கை. "ஆண்டவரே, இது சேதப்படாம நெடுநாள் உழைக்கணும். எங்க கைகளை ஒப்புக்கொடுக்கிறோம்" என்று டேவிட்சன் உருக்கமாக ஜெபித்தான். ஜெஸ்லின்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.

அந்த ஜெபத்தை யார் கேட்டார்கள்?

மெஷின் ரேகையை ஏற்காத அன்று சாயங்காலம் மவுசைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவனிடம் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் மவுஸ் பொருந்தி உட்காரும் இடத்தில் ஆயுள் ரேகை, புத்தி ரேகை ஒன்றும் இல்லை. தோல் மட்டும் மினுங்கியது.

"சோப்பு ஒத்துக்கலையா இருக்கும். மவுஸ் தேயலைன்னா நல்லதுதானளா? அதுக்கா இப்படி நடுங்குத?" என்று சிரித்தான் அவன். "இரு, இப்பவே தேச்சுக் காட்டுதேன், பாரு."

அவன் நல்ல எண்ணத்தில்தான் உப்புத்தாளை எடுத்தான். அவள் அடுக்களைக்குப் போய்ச் சப்பாத்தி மாவில் கை வைத்தாள். முன் அறையிலிருந்து சரக், சரக் என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு சரக் சத்தத்துக்கும் அவள் உள்ளங்கைக்குள் ஏதோ இழுபட்டது. வலியில்லை, ரத்தமில்லை, தச்சனின் இழைப்புளிக்கு அடியில் கிடக்கும் பலகைக்கு உணர்வு இருந்தால் இப்படித்தான் இருக்கும். மாவிலிருந்து கையை உருவினாள். சுண்டுவிரலில் நகம் இல்லை. நகம் இருந்த அடையாளமும் இல்லை.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

டேவிட்சன் ஓடி வந்தான். ஒரு கையில் உப்புத்தாள், மறு கையில் கீறல் படாத மவுஸ். அவள் விரலைப் பார்த்தான். மவுசைப் பார்த்தான். உப்புத்தாளைக் கீழே போட்டான்.

"குழி தோண்டிப் பொதைச்சிருவோம்ங்க. மண்ணுக்குள்ள அசையாமக் கிடக்கட்டும்" என்றாள்.

"மண்ணுல கிடந்தா எவனாவது தோண்டி எடுத்துருவான். கடல்ல போட்டா யார் கையும் படாது. வா."

இருட்டுவதற்குள் மூவரும் பைக்கில் போனார்கள். வாடைக்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கற்கள் குவித்த கரையின் நுனியில் நின்று டேவிட்சன் பலம்கொண்ட மட்டும் வீசினான். வெள்ளையாக ஒரு பொட்டு பறந்துபோய் அலையில் மறைந்தது. அப்பாடா! அவள் நெஞ்சு லேசானது. வரும் வழியில் ஜெஸ்லினுக்கு முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்கள். மகள் உதட்டில் ஒட்டிய துகளைத் துடைக்கக் கையை நீட்டினாள் ஈவாஞ்சலின்.

உள்ளங்கை இழுபட்டது.

நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இழுபட்டது. நின்றது. வந்து, போய், வந்து, போய். இந்தத் தாளம் எங்கேயோ கேட்டதுதான். கடைத்தெரு நடுவில் நின்றபடி அது என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அலை.

யார் கையும் படாத இடம் என்றுதானே போட்டார்கள்! ஆபீசில் எட்டு மணி நேரம் உரசியது போதாதென்று, இனி ராப்பகலாக உரசட்டும் என்று அதைத் தங்கள் கையாலேயே கல்லுக்கும் மணலுக்கும் நடுவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அவள் சாகும்வரை அந்த அலை ஓயாது.

விடிந்ததும், கடலில் முங்கிச் சங்கு குளிக்கும் மகாராஜா என்பவரின் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"அங்கன முழுக்கப் பாறையும் குறுமணலும்லா" என்றார் அவர். "கண்ணாடிச் சில்லையே கடல் உருட்டி மிட்டாயாட்டம் ஆக்கிப்போடும். இந்த வாடைக்கு எவன் எறங்குவான்?"

டேவிட்சன் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பாவம், மனுஷன் இறங்கினார். திரும்பத் திரும்ப முங்கினார். கண் சிவக்க மேலே வந்து கையை விரித்தார். "கலங்கலும்மா. ஒண்ணும் தெரியல."

அதற்குப் பிறகு ஈவாஞ்சலின் ஆபீசுக்குப் போகவில்லை. டாக்டர் களிம்பு கொடுத்தார். நகங்கள் போயின. விரல்களின் கணுக்கள் மழுங்கின. கோயிலில் ஆராதனையின்போது சேலைத் தலைப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டாள். கடல் கொந்தளித்த நாளில் விரல்களுக்கு நடுவே இருந்த பிளவுகள் மறைந்தன. ஒருநாள் காலையில் முழங்கைக்குக் கீழே ஒரு வழவழப்பான முனைதான் மிச்சம். எலும்பு தெரியவில்லை. தழும்பு இல்லை. அந்த முனை மினுங்கியது.

அன்றைக்குத்தான் இழுபடுவது நின்றது.

நின்றுவிட்டது! தன் கையோடு போகட்டும் என்று அழுதுகொண்டே ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். எதிரே டேவிட்சன் போனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். திறக்கவில்லை. மறுபடியும் துடைத்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த ஜெபத்தின்போது அவன் கைக்கு மேலே யார் கை இருந்தது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மழை வந்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். டேவிட்சனின் கை அவளுடையதைவிடச் சீக்கிரம் போனது.

ஒரு சாயங்காலம். கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி. ஜெஸ்லின் மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"அம்மா, பென்சில் நிக்க மாட்டேங்கு."

டேவிட்சன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஈவாஞ்சலின் மகள் பக்கத்தில் முட்டிபோட்டாள். இடது கையால் அந்தக் குட்டிக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குளிர்ச்சி. வழவழப்பு. தூரத்தில் கடல் இரைந்தது. ஓர் அலை உடைந்தது. கன்னத்திலிருந்த கை லேசாக இழுபட்டது.

"கூசுதும்மா" என்று ஜெஸ்லின் சிரித்தாள்.

அடுத்த அலை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தின் மேல் அந்த விரல்களை எண்ணிப் பார்த்தாள். ஒன்று. அதற்கு மேல் பிரித்து எண்ண முடியவில்லை.