ஆள் குறுக்கே வராத வழி

"எதிரில் ஆள். தவிர்க்கிறேன். வலப்பக்கம் திரும்பவும்" என்றது கையிலிருந்த தடங்காட்டி.

மிதுனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது தவிர்க்கச் சொன்ன ஆள் அவளுடைய புருஷன். இருபத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய நிகிலன்.

எல்லாம் திண்டுக்கல் கடையில் செய்த தேர்வின் லட்சணம். தடங்காட்டி இல்லாமல் மலைநடைக்கு யாரும் செருப்புக்கூட மாட்டாத காலம் அது. கடைக்காரப் பெண் மேஜையில் இரண்டை எடுத்து வைத்தாள். மஞ்சள் நிறக் கருவி தினமும் வரைபடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆபத்தென்றால் ஊரைக் கூட்டும். கறுப்புக்குப் பெயர் ஏகாந்தி. வேறு தடங்காட்டி வைத்திருப்பவர்களைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்து, இருநூறு மீட்டருக்குள் நெருங்கினால் வழியை வளைத்து, மனித முகமே கண்ணில் படாமல் கூட்டிப்போகும். கூடவே வரும் காதுக்குமிழ், குருவிச் சத்தத்தை விட்டுவைத்து மனிதக் குரலை மட்டும் வடிகட்டிவிடும். வரைபடம் வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறும்.

"மஞ்சளே போதுங்க. ஆபத்துன்னா கத்துதுல்ல" என்றாள் மிதுனா.

"கத்துறதுக்கு நீ இருக்கியே!" என்று சிரித்தார் நிகிலன். பிறகு சிரிப்பு போய்விட்டது. "மலைக்குப் போனாக்கூட எவனாவது எதிர்ல வந்து, 'பொண்ணு புருஷன விட்டுட்டு வந்துட்டாளாமே'ம்பான். எனக்குக் கறுப்புதான் வேணும்."

ஆளுக்கொரு கறுப்பு வாங்கினார்கள். இரண்டையும் இணைத்துவைத்தால் புருஷன் பெண்டாட்டியை அது ஒரே ஆளாக எண்ணிக்கொள்ளும். இன்று காலை பாதி மலையில் மிதுனா வாயைத் திறந்தாள். "பொண்ணுகிட்ட நீங்க பேசி மூணு மாசம் ஆச்சு. ஒரே வீட்டுலதானங்க இருக்கோம்?" அவர் இணைப்பைத் துண்டித்தார், குமிழைக் காதில் செருகினார், விறுவிறுவென்று நடந்துவிட்டார். அந்த நிமிஷம் முதல் அவருடைய கருவிக்கு அவள் யாரோ ஒருத்தி.

போகட்டும், கோபம் தணிந்தால் வருவார் என்று ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் மலை மஞ்சு பனிமூட்டமாக இறங்கியது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. நுழைவாயிலில் தான் படித்த பலகை அவள் நினைவுக்கு வந்தது. மழையில் மேற்குச் சரிவு இடிந்து விழுந்துவிட்டது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நிகிலன் கருவியைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருந்தார். ஏகாந்தியின் வரைபடத்தில் மேற்குப் பாதை இன்னும் முழுசாக இருந்தது.

"ஏங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். குமிழ் அதை வடிகட்டியிருக்கும். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. மலையில் அன்று வேறு யாருமில்லை, அது அவர்தான். அதை நோக்கி ஓடினாள். புள்ளி மேற்கே நகர்ந்தது. இன்னும் வேகமாக ஓடினாள். புள்ளியும் வேகமாக நகர்ந்தது.

சட்டென்று நின்றாள். அடக் கடவுளே, நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்! அவள் நெருங்க நெருங்க, ஆள் வருகிறது என்று அவருடைய கருவி அவரை இடிந்த சரிவுப் பக்கமாகவே விரட்டியது. தன் கருவியை அணைத்துவிட்டால்? அவர் எங்கே என்பதே தெரியாமல் போகும். அவரும் பழைய வரைபடத்தை நம்பி அதே பாதையில் போய்க்கொண்டிருப்பார். உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

தள்ளினால் தள்ளிய பக்கம்தானே போகிறார், பக்கத்தை மாற்றினால் என்ன?

பாதையை விட்டு முட்புதருக்குள் இறங்கினாள். புள்ளி இருநூறு மீட்டருக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, பெரிய வளைவாக அவரைச் சுற்றி, அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அங்கே மலை அரைகுறையாக நின்றது. காலடி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த கல் கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு செருப்பு நழுவி மஞ்சுக்குள் போனது. வேரைப் பிடித்துத் தொங்கி, முழங்கால் தேய ஏறினாள். புள்ளி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருநூற்றைம்பது. இருநூற்றுப் பத்து.

"போங்க, திரும்பிப் போங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே எதிரே நடந்தாள்.

புள்ளி நின்றது. திரும்பியது. கிழக்கே நகர்ந்தது.

அதன்பிறகு ஒரு மணி நேரம், ஆட்டை ஓட்டுவதுபோலப் புருஷனை மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர் இடப்பக்கம் ஒதுங்கினால் இவள் இடப்பக்கம் ஓடினாள். நின்றால் இரண்டடி கிட்டே போனாள். ஒரு காலில் செருப்பில்லை, முழங்காலில் ரத்தம். நுழைவாயிலில் விளக்கு தெரிந்தபோது விம்மிவிட்டாள்.

நிகிலன் டீக்கடை பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கருவியில் தன் மதிப்புரையைப் பேசிப் பதிந்துகொண்டிருந்தார். பதிவு முடியும்வரை அது வழி சொல்லாது.

"அருமையான கருவி. அந்த மஞ்சுலயும் பத்திரமா கூட்டிட்டு வந்துருச்சு. ஒரு ஈ காக்கா குறுக்க வரல. அஞ்சு நட்சத்திரம்."

மிதுனா அவர் பின்னால் வந்தாள். பேச மூச்சு வரவில்லை. தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

"பின்னால் ஆள். தவிர்க்கிறேன். இடப்பக்கம் செல்லவும்" என்றது கருவி.

யாரென்று திரும்பிக்கூடப் பார்க்காமல், டீ கிளாஸோடு எழுந்து இடப்பக்கம் நடந்தார் நிகிலன்.