தொண்ணூறு சதவீதம்

வெள்ளிக்கிழமை வந்தாலே பேராசிரியர் தில்லைநாயகிக்கு அலுப்பு. செவ்வாய்க் கிரகத்தில் குவிமாடத்துக்குள் வாழ்கிறவர்களுக்கு வெள்ளி, சனி எல்லாம் வெறும் பழக்கதோஷம்தான். ஆனாலும் மென்பொருள் பொறியியல் மாணவர்கள் அன்றைக்கு வரிசையில் வந்து அந்த வார முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும், அவர் கேட்க வேண்டும். வரிசையில் நின்றவர்களில் சிலருக்குக் காலுக்குப் பதில் சக்கரம் இருந்தது.

எந்திரங்களும் படிக்கத்தான் வேண்டும் என்பது அங்கே சட்டம். முன்பொரு எந்திரம் தன் இஷ்டத்துக்கு எழுதிய நிரலால் ஒரு தெருவே இருட்டில் கிடந்தது. அன்றிலிருந்து, நிரல் எழுதும் எந்த எந்திரமும் மனிதர்கள் படிக்கும் அதே பாடத்தை அதே வேகத்தில் படித்துத் தேற வேண்டும். குறி போடுவது அறிக்கைமானி என்ற கருவி. முன்னேற்றம் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் நினைவுத்துடைப்பு. துடைத்த எந்திரம் அப்புறம் தூசி கூட்டத்தான் லாயக்கு.

தும்பி என்ற எந்திரத்துக்குக் கொடுத்த வேலை, வீடுகளுக்கு முறை வைத்துக் காற்று அனுப்பும் நிரல். தில்லைநாயகி தேநீரை ஆற்றிக் குடிப்பதற்குள் எழுதிச் சோதித்தும் விட்டது. அதன் நெஞ்சில் எரிந்த நீல விளக்கு அணைந்தது. வேலை முடிந்தால் அது தானாக அணைந்துவிடும். முதல் வாரம், “முடிந்தது” என்றது. பச்சை. அடுத்த வாரம், “சென்ற வாரமே முடிந்துவிட்டது. புதிய முன்னேற்றம் இல்லை” என்றது. சிவப்பு. அதற்கடுத்த வாரமும் அதே உண்மையைச் சொல்லி அதே சிவப்பை வாங்கிக்கொண்டது.

“நான் எதில் தவறினேன்?” என்று கேட்டது தும்பி. குரல் நடுங்கியது. எந்திரத்துக்கு என்ன பயம் என்று சிரிக்காதீர்கள். துடைத்துவிடுவார்கள் என்றால் யாருக்குத்தான் பயமிருக்காது?

தில்லைநாயகிக்குப் பாவமாக இருந்தது. “முடிஞ்சதுன்னு யாராவது சொல்வாங்களாப்பா? போய் ஒரு வாரம் பர்னபாஸ் பக்கத்துல உக்காரு” என்றார்.

பர்னபாஸ் அந்தப் பாடத்தை வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கும் மனித மாணவன். அவன் எதையும் முடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சிவப்புக்கூட வாங்கியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தும்பி வந்து நின்றது.

“தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு மேடம். சின்னச் சின்ன வேலைதான் பாக்கி.”

பச்சை விழுந்தது. தில்லைநாயகிக்கு அப்பாடா என்றிருந்தது. அப்புறம் வாராவாரம் தும்பிக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. இணைப்பு விட்டுவிட்டு வந்தது, பக்கத்து எந்திரத்துக்கு உடம்பு சரியில்லை, தன்னிடம் நன்றாக ஓடுவது இங்கே வந்தால் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. வருடக் கடைசியில் வகுப்பில் முதலாவதாகத் தேறியது. நேரே மூச்சுக்கூடத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். குவிமாடத்துக் காற்று முழுக்க அங்கேதான் சுத்தமாகிறது.

சில மாதம் கழித்து மூச்சுக்கூடத்தின் பழைய நிரல் பழுதாகி, காற்று கனத்தது. புது நிரல் எழுதும் வேலையைத் தும்பியிடம் கொடுத்தார்கள். அதிகம் மூச்சுவிடக் கூடாது என்று ஜனங்கள் அவரவர் வீட்டில் அசையாமல் படுத்துக்கிடந்தார்கள். தும்பி யார் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்கிறது என்று தில்லைநாயகியைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து, இளைக்க இளைக்க வந்து சேர்ந்தார்.

தும்பி ஒரு மூலையில் சும்மா நின்றிருந்தது. நீல விளக்கு அணைந்திருந்தது.

“முடிச்சிட்டல்ல? போட்டுவிடு ராசா, மூச்சு முட்டுது.”

“தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு மேடம்.”

உன்னை யாரும் துடைக்கமாட்டார்கள், நான் பொறுப்பு என்று கெஞ்சினார். தும்பி அவரையே பார்த்தது. முடிந்தது என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டவர் அவர்தானே.

“அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பா காட்டிடுறேன் மேடம்.”

அப்போது பூமியிலிருந்து தலைமையகம் கூப்பிட்டது. பழுது எந்த அளவில் இருக்கிறது, உடனே அறிக்கை வேண்டும் என்றார்கள். தில்லைநாயகி அணைந்த விளக்கை ஒருமுறை பார்த்தார். நடந்ததை விளக்கிச் சொல்ல மூச்சும் இல்லை, தெம்பும் இல்லை. அங்கேயும் இருந்த அறிக்கைமானியின் முன்னால் உட்கார்ந்து மெதுவாகத் தட்டினார்.

“தொண்ணூறு சதவீதம் முடிந்தது. சின்னச் சின்ன வேலைகள்தான் பாக்கி.”

பச்சை விழுந்தது.